குமரிக் கரை மணலும் ஹோமி பாபாவும்

குமரி முனைக்குச் சுற்றுலா வருவோர் சிறு பொட்டலங்களில் வண்ண மணல் வாங்கிச் செல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கருப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் அம்மணல் விற்கப்படுகிறது. குமரியம்மனின் திருமணம் நின்றுபோனபோது விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பிறவும் மணலாக மாறிவிட்டன என்பது இக்கரையில் வழங்கும் பழங்கதை. கதை அவ்வாறிருக்க, அறிவியலார் சொல்வது வேறு. கருமை இல்மனைட்டுக்கு உரியது. சிவப்பு கார்னெட்டுக்கு உரியது. தேன் போன்ற மஞ்சள் மோனசைட்டுக்கு உரியது. மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்குச் சென்று, அலைகளால் மீண்டும் கரையில் ஒதுக்கப்பட்டவை. நெய்தல் நிலத்தைப் பாடிய நம் புலவர்கள் வெண்மணலைப் பாடினார்கள். முத்துப் போன்ற மணல் என்றும் நிலவு போன்ற மணல் என்றும் வியந்தார்கள். கருமணல் கைக்கு ஏன் இத்தனை கனக்கிறது என்ற கேள்வி எழுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

கேள்வியைக் கேட்டவர் ஷோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலார். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னைநார்க் கயிற்றில் மஞ்சள் நிறத் துகள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டு, அவற்றின் பிறப்பிடத்தைத் தேடி வந்தார் என்பர். 1909ஆம் ஆண்டு மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டு கண்டறியப்பட்டது. அந்நாளில் மோனசைட்டின் பயன் விளக்கு ஒன்றே. நம் ஊர்த் திருமண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கண்ட மூத்தவர்கள், அதனுள் தொங்கும் வலைப்பை எரிந்து வெண்சுடராய் ஒளிர்வதை மறந்திருக்கமாட்டார்கள். அவ்வலைப்பையை ஒளிரச் செய்தது தோரியம் என்னும் தனிமம். மோனசைட்டு மணலில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு தோரியம் ஆக்சைடு உண்டு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பர்க் செருமானியர் என்பதால் சிறைப்பட்டார். ஆலை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இது அவர் வரலாறு அன்று; ஆதலால் இங்கே நிறுத்துகிறோம்.

மணவாளக்குறிச்சியில் மோனசைட்டு கிடைத்த அதே 1909ஆம் ஆண்டில், அக்டோபர் 30ஆம் நாள், பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஹோமி ஜஹாங்கீர் பாபா பிறந்தார். தற்செயலான ஒற்றுமைதான், அதற்குமேல் பொருள் கற்பிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் பின்னாளில் இந்த மணலை நாட்டின் எதிர்காலமாகக் கண்டவர் அக்குழந்தையே.

தந்தையின் ஒப்பந்தம்

பாபாவின் தந்தை ஜஹாங்கீர் சட்டம் பயின்றவர். டாட்டா நிறுவனங்களோடு தொடர்புடையவர். பாட்டனார் ஹோர்முஸ்ஜி பாபா மைசூர் அரசில் கல்வித் துறைத் தலைவராய்ப் பணியாற்றியவர். அத்தை மெஹர்பாய், சர் தோராப்ஜி டாட்டாவின் துணைவியார். வீட்டில் நூல்களும் ஓவியங்களும் மேலைநாட்டு இசைத்தட்டுகளும் நிறைந்திருந்தன. கதீட்ரல் பள்ளியிலும் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் படித்த பின், 1927இல் கேம்பிரிட்ஜில் கான்வில்-கீஸ் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் மாணவராகச் சேர்க்கப்பட்டார். படித்து முடித்துத் திரும்பி வந்து ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பொறுப்பேற்கவேண்டும் என்பது குடும்பத்தின் திட்டம்.

மகனின் மனம் பொறியியலில் நிற்கவில்லை. இயற்பியலே தமக்கு உரியது என்று தந்தைக்குக் கடிதம் எழுதினார். இங்கே நம் பெற்றோர்கள் கவனிக்கவேண்டியது தந்தையின் மறுமொழி. அவர் மறுக்கவில்லை, உடனே இணங்கவும் இல்லை. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், அதன்பின் கணிதமும் இயற்பியலும் படிக்கப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார். 1930இல் பொறியியலில் முதல் வகுப்பு. 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்பு. இருவரும் சொன்ன சொல்லைக் காத்தனர். பிடிக்காத பாடம் என்று பொறியியலைப் பாபா அலட்சியம் செய்திருந்தால், பிற்காலத்தில் அணு உலைகளை எழுப்பும் துணிவு அவருக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

1932ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வகத்துக்குப் பொற்காலம். அங்கேதான் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். அங்கேதான் காக்கிராப்டும் வால்டனும் அணுக்கருவைச் செயற்கை முறையில் உடைத்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆண்டர்சன், எலக்ட்ரானின் எதிர்த்துகளாகிய பாசிட்ரானைக் கண்டறிந்தார். இத்தனை கதவுகள் ஒருசேரத் திறந்த வேளையில் இளைஞர் பாபா உள்ளே நுழைந்தார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையை அவர் கணக்கிட்டு 1936இல் வெளியிட்டார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் மோதவிட்டபோது, மோதல்களின் எண்ணிக்கையை அளந்தறியும் அளவுகோலாகப் பயன்பட்டது அக்கணக்கே. 1937இல் ஹைட்லருடன் இணைந்து, அண்டவெளியிலிருந்து வரும் ஒரு துகள் காற்று மண்டலத்தில் மோதி ஆயிரக்கணக்கான துகள்களாய்ப் பொழிவது எவ்வாறு என்பதை விளக்கினார்.

அடுத்துச் செய்த பணியே நம் கட்டுரையின் நடுப்பொருளுக்கு அண்மையானது.

அணுவிசை மின்சுற்றை இயக்குமா?

அணுக்கருவில் நேர்மின் கொண்ட புரோட்டான்கள் நெருங்கி இருக்கின்றன. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிப் பாடம். தள்ளியும் அவை பிரியாமல் இருப்பதேன்? அவற்றைப் பிணிக்கும் வேறொரு விசை இருக்கவேண்டும். அதுவும் மின்விசையைக் காட்டிலும் வலியதாக இருக்கவேண்டும். அதனை வலிய அணுக்கரு விசை என்கிறோம். இவ்விசையை ஒரு துகள் சுமந்து செல்கிறது என்று 1935இல் ஜப்பானிய அறிஞர் யுகாவா கருதுகோள் வகுத்தார். எலக்ட்ரானைவிடக் கனமாகவும் புரோட்டானைவிட எடை குறைந்தும் இடைப்பட்டு நிற்கும் இத்துகளுக்கு அந்நாளில் பல பெயர்கள் வழங்கின. 1939இல் மீசான் என்ற பெயரை முன்மொழிந்தவர் பாபா. உலகம் அதனை ஏற்றது.

அதற்கு முந்திய ஆண்டில் அவர் ஓர் அரிய கருத்தைக் கூறினார். அண்டக்கதிர்களில் கண்ட இடைப்பட்ட துகள்களின் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. வானில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் தோன்றும் அவை, ஒளியின் வேகத்தில் வந்தாலும் அறுநூறு மீட்டரைக் கடப்பதற்குள் சிதைந்துவிடவேண்டும். ஆனால் தரையை வந்தடைகின்றன. விரைந்து செல்லும் பொருளுக்குக் காலம் மெல்ல நகரும் என்ற ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை இங்கே சோதித்துப் பார்க்கலாம் என்று பாபா சுட்டினார். சோதனைகள் அதனை மெய்ப்பித்தன. இதனைப் படிக்கும் நம் உள்ளங்கையை நொடிக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் அத்துகள்கள் ஊடுருவிச் செல்கின்றன. ஒரு செய்தியை மறைக்கலாகாது. அந்நாளில் அண்டக்கதிரில் கண்ட துகளையே யுகாவாவின் துகள் என்று பாபா உள்ளிட்ட பலரும் எண்ணினர். 1947இல்தான் உண்மையான யுகாவா துகளாகிய பையான் அகப்பட்டது. முன்னையது மியூவான் என்னும் வேறினம். பாபாவின் காலக்கணக்கு அந்த மியூவானுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

இனி, இயற்பியல் அறியா மாணவரும் இயல்பாகக் கேட்கும் ஒரு கேள்விக்கு வருவோம். அணுக்கருவின் விசை மின்விசையைவிட இத்தனை வலியது என்றால், அவ்விசையையே கம்பியில் ஓடவிட்டு விளக்கையும் வானொலியையும் இயக்கக் கூடாதா? மின்சாரத்துக்கு மாற்றாக அணுவிசைச் சுற்று என ஒன்று அமையாதா?

அமையாது. காரணம் அவ்விசையின் எட்டும் தொலைவு. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்து இலட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் நீளமே வலிய விசையின் எல்லை. கைகோத்து நிற்போரின் பிடி போன்றது அது. அடுத்தவரை இறுகப் பற்றும். நான்கு பேர் தள்ளி நிற்பவரைத் தொடாது. அணுவைக் கல்லூரி விளையாட்டுத் திடல் அளவுக்குப் பெருக்கினாலும் அணுக்கரு நடுவில் கிடக்கும் கடுகளவே. வலிய விசை அக்கடுகை விட்டு வெளியேறாது. அணுக்கருவில் செயற்படும் மற்றொன்றாகிய மெலிய விசையின் எல்லை இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பியில் அடுத்த அணுவை அடைவதற்கே இவற்றுக்கு வழியில்லை. மின்விசைக்கோ எல்லை கிடையாது. ஆகவே சுற்றில் ஓடுவது என்றும் மின்சாரமே.

எனினும் கேள்வி வீண் போகவில்லை. விசை ஓடாவிட்டாலும், அது விடுவிக்கும் ஆற்றல் வெளியே வரும். யுரேனியக் கரு பிளக்கும்போது, வலிய விசை அதுவரை கட்டிவைத்திருந்த மின்விலக்கம் துண்டுகளைப் பெரும் வேகத்தோடு எறிகிறது. அவ்வேகம் வெப்பமாகிறது, வெப்பம் நீரை ஆவியாக்குகிறது, ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. நுட்பத்தின் உச்சியில் தொடங்கி, முடிவில் தண்ணீர் கொதிக்கவைப்பதில் வந்து நிற்கிறது அணுமின் நிலையம். இத்தனை சுற்றுவழி வேண்டாம் என்று கருதியவர்களும் உண்டு. 1913இலேயே மோஸ்லி என்னும் ஆங்கில அறிஞர், ரேடியத்திலிருந்து வெளிப்படும் மின்துகள்களை ஒரு குமிழில் சேர்த்து நேரடியாக மின்னழுத்தம் உண்டாக்கிக் காட்டினார். மெலிய விசையால் சிதையும் தனிமங்கள் பீட்டாத் துகள்களை, அதாவது விரைந்த எலக்ட்ரான்களை, உமிழ்கின்றன. சூரிய ஒளி விழுந்த குறைக்கடத்தித் தகடு மின்சாரம் தருவதுபோல், இவ்வெலக்ட்ரான்கள் விழுந்தாலும் தரும். அவ்வகை அணு மின்கலத்தை 1950களில் அமெரிக்காவில் உருவாக்கினர். 1970களில் புளுட்டோனியம், புரோமித்தியம் ஆகியவற்றால் இயங்கும் இதயத் துடிப்புக் கருவிகள் மனித மார்பில் பொருத்தப்பட்டன. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள், கதிரவன் ஒளி எட்டாத தொலைவில் புளுட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் பெறுகின்றன. 2024இல் சீன நிறுவனம் ஒன்று நிக்கல் தனிமத்தின் கதிரியக்க வகையால் இயங்கும் நாணய அளவு மின்கலத்தை அறிவித்தது. அதன் திறன் ஒரு வாட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் கைவிளக்குக்கும் போதாது. ஆனால் ஐம்பது ஆண்டு ஓயாது என்கின்றனர்.

இவ்வகைக் கருவி ஒன்று நம் நாட்டு மலையிலும் தொலைந்து கிடக்கிறது. 1964இல் சீனா அணுகுண்டு வெடித்தபின், அதன் சோதனைகளை உளவறிய அமெரிக்க, இந்திய உளவுத் துறையினர் கூடி, புளுட்டோனியத்தால் இயங்கும் மின்னாக்கியோடு ஒரு கருவியை நந்தாதேவிச் சிகரத்தில் நிறுவ முயன்றனர். 1965ஆம் ஆண்டு பனிப்புயலால் அதனை மலைச்சரிவிலேயே விட்டுத் திரும்பினர். மறு ஆண்டு சென்றபோது காணவில்லை. 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் இதனை ஒப்புக்கொண்டார்.

பாபா சிறு மின்கலங்களின் வழியில் செல்லவில்லை. ஒரு நாட்டையே ஒளிரச் செய்யும் பெருவழியையே அவர் நினைத்தார்.

விடுமுறையில் வந்தவர்

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்த பாபாவை இரண்டாம் உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. இராமன் தலைமையிலிருந்த இயற்பியல் துறையில் பணி கிடைத்தது. அங்கே அண்டக்கதிர் ஆய்வுப் பிரிவை நடத்தினார். 1941இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். போர் முடிந்தால் மீண்டும் கேம்பிரிட்ஜுக்குச் செல்வது என்றிருந்தவர், ஆண்டுகள் செல்லச் செல்ல மனம் மாறினார். திறமையுள்ளவர்கள் வெளிநாடு சென்றுவிட்டால் இங்கே ஆய்வுச் சூழல் எந்நாளும் வளராது என்று அவருக்குப் பட்டது. 1944 மார்ச் 12ஆம் நாள் டாட்டா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தில் அடிப்படை ஆய்வுக்கென ஒரு நிறுவனம் வேண்டினார். அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் சில பத்தாண்டுகளில் வரும்போது இந்தியா வல்லுநர்களை வெளியே தேடவேண்டியிராது என்ற கருத்து அதில் இருந்தது. அணுகுண்டு உலகுக்குத் தெரிவதற்கு ஓராண்டுக்கும் முன்னர் எழுதப்பட்ட கடிதம் அது.

1945இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் பெங்களூரில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய்க்கு, பாபா பிறந்த வீட்டுக்கே குடிபெயர்ந்தது. அங்கு அண்டக்கதிர் அளக்கும் மின்னணுக் கருவிகளைத் தாமே செய்தனர். மின்சுற்று செய்யக் கற்ற அக்கைகளே 1960இல் நிறைவு பெற்ற டிஃப்ராக் என்னும் கணிப்பொறியைச் செய்தன. ஐதராபாத்தில் 1967இல் எழுந்த மின்னணுக் கழகத்துக்கும் வேர் அங்கேதான். அணுவைப் பற்றிய ஆராய்ச்சியே நம் நாட்டில் மின்சுற்றுத் தொழிலுக்குத் தாயானது என்றால் மிகையாகாது.

மீண்டும் மணலுக்கு

இதற்கிடையே மணலின் மதிப்பு மாறிவிட்டது. மின்விளக்கு வந்தபின் வலைப்பையின் தேவை குறைந்தது. ஆனால் அணுக்காலம் பிறந்தவுடன் தோரியத்தின் மேல் வல்லரசுகளின் கண் விழுந்தது. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சி.பி. இராமசாமி ஐயர் அறிவித்தபோது, அவர் கணக்கில் இம்மணலும் இருந்தது. அடுத்த மாதமே திவான் தாக்கப்பட்டார். திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது. 1948இல் அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் பாபா தலைமையில் அணுசக்தி ஆணையம் அமைந்தது. உறுப்பினர் மூவரில் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த தமிழர் கே.எஸ். கிருஷ்ணன், மற்றவர் சாந்தி சுவரூப் பட்நாகர். 1950இல் இந்திய அருமண் நிறுவனம் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் கூட்டாகத் தொடங்கியது. 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை நேரு திறந்துவைத்தார். 1963இல் அந்நிறுவனம் முழுதும் அணுசக்தித் துறைக்குள் வந்தது. அதன்பின் சவரா, மணவாளக்குறிச்சி மணல் ஆலைகளும் அதனோடு சேர்ந்தன.

1954 நவம்பரில் தில்லியில் பாபா விரித்துரைத்த மூன்று படித் திட்டம், அடிப்படையில் குமரிக் கரையும் கொல்லம் கரையும் சார்ந்த திட்டமே. நம் நாட்டில் யுரேனியம் சிறிது. தோரியமோ 5 இலட்சம் டன்னுக்கு மேல். யுரேனியம் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை என்பது அன்று அவர் கொண்ட மதிப்பீடு. ஆனால் தோரியம் தானே எரியாது. ஈர விறகு போன்றது. முதலில் வேறு நெருப்பில் உலர்த்தவேண்டும். முதற்படியில் இயற்கை யுரேனியத்தை எரித்து மின்சாரமும் புளுட்டோனியமும் பெறுவது. இரண்டாம் படியில் ஈனுலைகளில் புளுட்டோனியத்தை எரித்து, எரித்ததைவிட மிகுதியாக எரிபொருள் ஆக்குவது. மூன்றாம் படியில் தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233 கொண்டு நெடுங்காலம் வாழ்வது. தோரியக் கரு ஒரு நியூட்ரானை விழுங்கியபின், மெலிய விசையின் செயலால் இருமுறை பீட்டாத் துகளை உமிழ்ந்து யுரேனியம்-233 ஆகிறது. இரண்டாம் உமிழ்வுக்கு வாரக்கணக்கில் பொறுத்திருக்கவேண்டும். கம்பியில் ஓட இயலாத அம்மெலிய விசைதான் நம் மணலை எரிபொருளாக்கும் கொல்லன்.

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அவை கூட்டிய அணு மாநாட்டுக்குப் பாபா தலைமை தாங்கினார். அணுக்கருப் பிணைவை அடக்கி ஆளும் வழி இருபது ஆண்டுகளுக்குள் காணப்படும் என்று அங்கே அவர் முன்னுரைத்தார். அது பலிக்கவில்லை. 2022 டிசம்பரில்தான் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில், செலுத்திய லேசர் ஆற்றலைவிட மிகுதியான ஆற்றல் பிணைவிலிருந்து வந்தது. அதிலிருந்தும் இன்னும் ஒரு விளக்கு எரியவில்லை. 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் பம்பாய்க்கருகே திராம்பேயில் அப்சரா உலை இயங்கியது. சோவியத்து நாட்டுக்கு வெளியே ஆசியாவின் முதல் உலை அது. எரிபொருள் பிரிட்டன் தந்தது. கட்டுமானமும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளும் நம்மவர் செய்தவை. மூன்று திங்கள் கழித்து, நவம்பர் 1ஆம் நாள், மணவாளக்குறிச்சி உள்ளிட்ட நம் வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. 1962இல் விண்வெளி ஆய்வுக் குழு பாபாவின் ஆதரவில், விக்ரம் சாராபாய் தலைமையில் அமைந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 21இல் தும்பா மீனவர் ஊரிலிருந்து முதல் இராக்கெட்டு எழுந்தபோது, அதன் பணியாளருள் இராமேசுவரத்து மரக்கலக்காரர் மகன் அப்துல் கலாமும் இருந்தார்.

பாபாவின் அழகுணர்வு பற்றிச் சொல்லாமல் போவது குறை. அவர் ஓவியர், நண்பர்களின் முகங்களைப் பென்சிலால் வரைவார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கொலாபாவில் கடலோரம் எழுப்பிய ஆய்வு நிறுவனத்தின் சுவரில் எம்.எஃப். உசேனின் பெரும் ஓவியம் இடம்பெற்றது. கட்டடத்துக்குத் தடையாக நின்ற மரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்தார்.

குறை கூறியோரும் இருந்தனர். மேகநாத சாகா, அணு ஆய்வு பல்கலைக்கழகங்களில் பரவவேண்டும், ஒருவர் கையில் குவியலாகாது என்று வாதிட்டார். அச்சொல்லில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். நேருவின் முழு நம்பிக்கை பெற்ற பாபாவின் துறையைக் கேள்வி கேட்பார் அரியர். சட்டமும் இரகசியத்தைக் காத்தது. கடற்கரையில் வலை உலர்த்துவோர் காலடியில் கிடந்த மணல், சட்டத்தின் கண்ணில் நாட்டின் மறைபொருளாயிற்று. அவர்களிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்த சில நாள்களில், அமைதி வழியையே அதுவரை பேசிய பாபா வானொலியில் உரையாற்றினார். உலக ஆயுதக் குறைப்பை வேண்டிய அவ்வுரையிலேயே, ஓர் அணு வெடிப்புக்குப் பதினேழரை இலட்சம் உரூபாய்தான் ஆகும் என்ற கணக்கும் இருந்தது. நாட்டில் குண்டு வேண்டுவோர்க்கு அக்கணக்கே ஆயுதமாயிற்று. இவ்விரண்டு பாபாக்களில் எவர் மெய்யானவர் என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். இருவருமே மெய்யானவர் என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

1966 சனவரி 11இல் பிரதமர் சாஸ்திரி மறைந்தார். 24ஆம் நாள் இந்திரா காந்தி பதவியேற்றார். அதே நாள் காலையில், வியன்னாவில் அனைத்துலக அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த பாபாவின் விமானம் ஆல்ப்சு மலையின் மோன் பிளாங்குச் சிகரத்தில் மோதியது. கஞ்சன்ஜங்கா எனப் பெயர் கொண்ட அவ்விமானத்தில் இருந்த 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாபாவுக்கு அகவை 56. சதி என்று எழுதுவோர் உண்டு. சான்று எதுவும் வெளிவரவில்லை. 2012இல் பனியாறு உருகியபோது இந்திய அரசின் அஞ்சல் பை ஒன்றும், 2020இல் இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்த செய்தியைத் தாங்கிய நாளிதழ்களும் வெளிப்பட்டன. 1967இல் திராம்பே நிலையம் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது.

அவர் வகுத்த முதற்படி நிறைவேறியது. கல்பாக்கத்தில் 1984 முதல் மின்சாரம் பிறக்கிறது. இரண்டாம் படிக்குரிய பெரிய ஈனுலையில் உலையகத்தை நிரப்பும் பணி அதே கல்பாக்கத்தில் 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. மூன்றாம் படிக்கு நாம் காட்டக்கூடியது, 1996இல் அங்கே இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிற்றுலை. தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஆல் இயங்கும் அதன் திறன் 30 கிலோவாட்டு; ஒரு நடுத்தர அரவை ஆலைக்குப் போதும். நம் மாவட்ட எல்லைக்கு அருகே கூடங்குளத்தில் 2013 முதல் இயங்கும் உலைகள் உருசிய நாட்டு யுரேனியத்தை எரிக்கின்றன. குமரித் தோரியத்துக்கு அங்கே வேலையில்லை. மணவாளக்குறிச்சியிலிருந்து செல்லும் மணலில் இல்மனைட்டு வண்ணச் சாயத்துக்கும், சிர்க்கான் பீங்கானுக்கும், அருமண்கள் காந்தத்துக்கும் பயன்படுகின்றன. பிரித்தெடுத்த தோரியத்தின் பெரும்பகுதி கிடங்குகளில் வருங்காலத்துக்காகக் காத்திருக்கிறது. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேர் பரப்பில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கருத்துக்கேட்பு நாள் குறிக்கப்பட்டபோது, கடலோர ஊர்கள் திரண்டு எதிர்த்தன. இம்முறை கேள்வி கேட்டவர்கள் வலை உலர்த்துவோர்.